லாரி இன்ஜின் மிஸ்ஸிங்: வீட்டு வாசலில் பழுது கண்டறிந்த வரலாறு

லாரி இன்ஜினின் சிலிண்டர்களில் ஏதோ ஒன்றில் எரிபொருள் எரியாமல் போவதை அல்லது அரைகுறையாக எரிவதைத் தமிழ்நாட்டு ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் 'மிஸ்ஸிங்' என்கிறார்கள். 'வண்டி மிஸ் அடிக்குது' என்பது பேச்சு வழக்கு. இன்ஜின் நின்றுவிடாது; ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் இழுவை குறையும், வண்டி உதறும், புகை கூடும், டீசல் செலவு ஏறும்.

ஒரே ஒரு லாரியை வைத்துப் பிழைக்கும் குடும்பத்திற்கு இது சிறிய பழுது அல்ல. வண்டி நின்ற நாளுக்கும் கடன் தவணை உண்டு. ஆகவே மிஸ்ஸிங் எந்தச் சிலிண்டரில் இருக்கிறது என்பதைப் பட்டறைக்குப் போகும் முன்பே, வீட்டு வாசலில் வைத்துத் தானே கண்டுபிடிக்கும் வழக்கம் தொடக்கத்திலிருந்தே இருந்து வந்துள்ளது. சிலிண்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதே அதற்கான அடிப்படை முறை. பெட்ரோல் காலம் முதல் கணினிக் காலம் வரை இந்த முறை மாறவில்லை. சிலிண்டரை நிறுத்தும் வழி யார் கையில் இருக்கிறது என்பதுதான் மாறியுள்ளது. அந்த மாற்றத்தின் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

மிஸ்ஸிங் காதுக்குக் கேட்பது ஏன்?

லாரிகளில் பரவலாக உள்ள ஆறு சிலிண்டர் இன்ஜினில், கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை வெடிக்கும். அதாவது 120 பாகைக்கு ஒரு வெடிப்பு. நேர்வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் 1-5-3-6-2-4 என்பது வழக்கமான வெடிப்பு வரிசை. நிமிடத்திற்கு 600 சுற்றில் இன்ஜின் சும்மா ஓடும்போது ஒரு நொடிக்கு 30 வெடிப்புகள் நிகழும். அவற்றில் ஒரு சிலிண்டர் செத்துவிட்டால் நொடிக்கு ஐந்து இடைவெளிகள் விழும். இந்த ஐந்து இடைவெளிகளைத்தான் காது சத்தமாகவும், ஸ்டீயரிங்கைப் பிடித்த கை உதறலாகவும் உணர்கிறது.

ஒரு சிலிண்டர் எரிய மூன்று தேவைகள் உண்டு. சரியான அளவு எரிபொருள் வர வேண்டும். காற்று போதுமான அளவு அழுத்தப்பட வேண்டும். சரியான நேரத்தில் தீப்பற்ற வேண்டும். மிஸ்ஸிங்கின் எல்லாக் காரணங்களும் இந்த மூன்றில் ஒன்றின் குறைபாடாகவே இருக்கும்.

பெட்ரோல் லாரிக் காலமும் பீங்கானும்

உலகின் முதல் லாரியை 1896-ல் ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் உருவாக்கினார். தொடக்க கால லாரிகள் பெட்ரோலில் ஓடின. 1902-ல் பாஷ் நிறுவனத்தின் பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்த மேக்னட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கியதால் தீப்பற்ற வைப்பது நம்பகமான வேலையானது.

ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பகுதி ஒரு பீங்கான். பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் பிளக்கின் நடுக்கம்பி வழியாக நுனி வரை போக வேண்டும். பாதி வழியில் இரும்பு உடம்புக்குத் தாவிவிடக் கூடாது. அதைத் தடுப்பது இந்தப் பீங்கான். அதில் மயிரிழை விரிசல் விழுந்தாலும், கரி படிந்தாலும் பொறி வழிதவறி அந்தச் சிலிண்டர் மிஸ் அடிக்கும். முதலில் சாதாரணப் பீங்கானும் அபிரகமும் பயன்பட்டன. 1930-கள் முதல் வெப்பத்தையும் அதிர்ச்சியையும் கூடுதலாகத் தாங்கும் அலுமினா பீங்கான் அந்த இடத்தைப் பிடித்தது.

பீங்கான் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் பெயர் பெற்ற ஊர் கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெண்களிமண் இத்தொழிலுக்கு அடிப்படையாக அமைந்தது. மின் ஃபியூஸ் தாங்கிகள், மின்காப்புப் பொருட்கள், பொம்மைகள், அகல் விளக்குகள் ஆகியவை இங்கே உருவாகின்றன. ஸ்பார்க் பிளக்குக்கு வேண்டிய அலுமினா பீங்கானின் மூலப்பொருள் வேறு. ஆனால் மின்சாரத்தைத் தாவ விடாமல் தடுக்கும் வேலை இரண்டுக்கும் ஒன்றே. விரிசல் விட்ட ஃபியூஸ் கட்டையைத் தொடப் பயப்படும் ஒருவருக்கு, விரிசல் விட்ட பிளக் ஏன் மிஸ் அடிக்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை.

பெட்ரோல் இன்ஜினில் மிஸ்ஸிங் கண்டறியும் முறை எளியது. மரப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் பிளக்கின் தலையையும் இன்ஜின் உடம்பையும் ஒருசேரத் தொட்டால் அந்தச் சிலிண்டருக்குப் பொறி போகாது. நல்ல சிலிண்டராக இருந்தால் இன்ஜின் வேகம் சட்டெனக் குறையும். வேகத்தில் மாற்றமே இல்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று பொருள். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு காதும் போதும்.

கழற்றிக் கற்றவர்கள்

தமிழகத்தில் மோட்டார் வண்டி பரவிய காலத்தில் அதற்கான தொழிற்பள்ளிகள் மிகக் குறைவு. வண்டியைக் கழற்றிப் பார்த்தே பலரும் தொழில் கற்றனர். இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு (1893–1974). இளம் வயதில் ஓர் ஆங்கிலேய அதிகாரியிடம் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்த அவர், கோவையில் உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். பிறகு அதை முழுவதும் பிரித்து மீண்டும் பூட்டினார். 1920-ல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சி–பழனி தடத்தில் தொழிலைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பை முடிக்காத அவர் பின்னாளில் தொழிற்கல்வி நிலையங்களை உருவாக்கினார்.

மதுரையில் 1911-ல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனமும் போக்குவரத்துத் தொழிலிலிருந்து வளர்ந்ததே. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீட்டுக்கு உள்ளானபோது, கரியை எரித்து வாயு உண்டாக்கி அதில் பேருந்தை ஓட்டும் கருவிகளை அந்நிறுவனம் தயாரித்தது. கரிவாயுவில் இன்ஜினின் வலு குறைவு. வாயுவோடு வரும் தாரும் சாம்பலும் வால்விலும் பிளக்கிலும் படிந்து மிஸ்ஸிங் உண்டாக்கும். அன்றைய ஓட்டுநர் தினமும் வடிகட்டியைத் துடைத்து, பிளக்கைச் சுரண்டித்தான் வண்டியை எடுக்க வேண்டியிருந்தது. பழுது பார்ப்பது ஓட்டும் வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது.

டீசல் வந்தது, ஸ்பேனர் வந்தது

ருடால்ஃப் டீசலின் இன்ஜின் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் வெற்றிகரமாக இயங்கிக் காட்டியது. ஆனால் எரிபொருளை உள்ளே செலுத்த அதற்குப் பெரிய காற்றழுத்தக் கருவி தேவைப்பட்டதால் அது லாரிக்கு ஏற்றதாக இல்லை. 1927-ல் பாஷ் நிறுவனம் டீசல் பம்பை வரிசையாக உற்பத்தி செய்யத் தொடங்கிய பின்பே டீசல் லாரி பரவ வழி பிறந்தது.

சுதந்திரத்திற்குப் பிறகு இந்தியாவில் டீசல் லாரி வேரூன்றியது. சென்னையில் 1948-ல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்துடன் இணைந்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. 1954-ல் டெல்கோ நிறுவனம் டைம்லர்-பென்ஸுடன் ஒப்பந்தம் செய்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரித்தது. 1951-ல் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் பெங்களூரில் ஸ்பார்க் பிளக்குகளையும் டீசல் பம்புகளையும் உற்பத்தி செய்தது. பம்ப், நாசில் ஆகிய சொற்கள் ஊர்ப்பட்டறைகளின் அன்றாடச் சொற்களாயின.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் டீசல் தெளிக்கப்பட்டதும் அது தானாகவே தீப்பற்றும். எனவே பொறியை நிறுத்திப் பார்க்கும் பழைய சோதனைக்கு இங்கே இடமில்லை. அதற்குப் பதிலாக டீசலை நிறுத்திப் பார்த்தார்கள். பம்பிலிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் தனி இரும்புக் குழாய் போகிறது. அதன் நட்டைச் சற்றுத் தளர்த்தினால் டீசல் வெளியே கசிந்து அந்தச் சிலிண்டர் நின்றுவிடும். இன்ஜின் தடுமாறினால் அது நல்ல சிலிண்டர்; தடுமாறாவிட்டால் அதுதான் மிஸ் அடிக்கும் சிலிண்டர். ஸ்க்ரூ டிரைவரின் இடத்தில் ஸ்பேனர் வந்தது; தத்துவம் அதே.

வாசலில் நடந்த சோதனைகள்

பழைய பம்ப் வண்டிகளில் வீட்டிலேயே செய்யப்பட்ட சோதனைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. செலவில்லாததை முதலிலும், கழற்ற வேண்டியதைக் கடைசியிலும் செய்வதே அந்த ஒழுங்கு.

முதலில் புகை. வெள்ளைப் புகை எரியாத டீசலைக் காட்டும். கரும்புகை டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு என்பதைக் காட்டும். நீலப்புகை இன்ஜின் ஆயில் எரிவதைக் காட்டும்.

அடுத்து டீசல் வரும் வழி. டேங்க் வறண்டு ஓடிய வண்டியில் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். ஹேண்ட் பிரைமரை அடித்து, ஃபில்டரின் திருகைத் தளர்த்தி 'ஏர் எடுப்பார்கள்'. ஃபில்டரின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் வடிப்பார்கள். மிஸ்ஸிங் ஒரே சிலிண்டரில் நில்லாமல் அலைந்துகொண்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இந்தப் பொதுவழியில்தான் இருக்கும்.

மூன்றாவது, வெப்பம். குளிர்ந்த இன்ஜினை இயக்கிய உடனே, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டரின் வாயருகிலும் சில துளி தண்ணீர் தெளிப்பார்கள். எரியும் சிலிண்டரின் வாயில் தண்ணீர் 'சுர்' என ஆவியாகும். மிஸ் அடிக்கும் சிலிண்டரின் வாயில் அது அப்படியே வழியும்.

நான்காவது, நட்டைத் தளர்த்தும் சோதனை. அதில் சிலிண்டர் தெரிந்த பிறகு ஐந்தாவது சோதனை வரும். அந்தச் சிலிண்டரின் நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுவார்கள். பழுதும் கூடவே இடம் மாறினால் நாசில் குற்றவாளி. பழுது பழைய இடத்திலேயே நின்றால் பம்ப், வால்வு, அழுத்தம் ஆகியவற்றில் ஒன்றில் கோளாறு. டேப்பெட் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளப்பது அடுத்த படி. ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டையும், பிரீதர் குழாயில் புகை தள்ளினால் பிஸ்டன் ரிங்கையும் சந்தேகிப்பார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகே வண்டி பட்டறைக்குப் போகும். 'மூணாவது நாசில் போயிருக்கு, பார்த்துக் கொடுங்க' என்று சொல்லும் உரிமையாளரிடம் ஆறு நாசிலையும் மாற்றச் சொல்லிப் பில் போடுவது எளிதல்ல. வீட்டுச் சோதனையின் உண்மையான மதிப்பு இதுவே. எல்லாப் பழுதையும் தானே நீக்குவது உரிமையாளரின் நோக்கம் அல்ல. பழுது எது என்று தெரிந்து பேசுவதே அவருக்கு வேண்டியது.

கிளீனர் முறையும் ஒற்றை லாரிக்காரர்களும்

இந்த அறிவு பரவியது புத்தகத்தால் அல்ல, கிளீனர் முறையால். ஓட்டுநருடன் உதவிக்குச் செல்லும் இளைஞர் டயர் மாற்றவும், ஆயில் பார்க்கவும், ஏர் எடுக்கவும் கற்று, சில ஆண்டுகளில் ஓட்டுநராவார். அவர்களில் சிலர் கடன் வாங்கிச் சொந்த லாரிக்காரராவார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரம் லாரித் தொழிலில் தலைமை இடம் பெற்றது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் தொழிலும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலும் வளர்ந்தன.

விருத்தாசலம் வட்டாரத்தில் லாரிக்கு வேலை தந்த சூழல் வேறு. 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957-ல் சுரங்கப் பணி தொடங்கியது. நெல்லும் கரும்பும் விளையும் கம்மாபுரம் ஒன்றியத்திற்கு ஒரு பக்கம் நெய்வேலிச் சுரங்கம், இன்னொரு பக்கம் விருத்தாசலத்தின் சூளைகள், அருகில் சேத்தியாத்தோப்புக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. களிமண், நிலக்கரி, செங்கல், கரும்பு ஆகிய பாரங்களில் குறுகிய தூரத்திற்குப் பல நடை அடிப்பதே இங்கே பிழைப்பு. இத்தகைய ஓட்டத்தில் புழுதியால் ஃபில்டர் விரைவில் அடைபடும். நடைக் கணக்கில் கூலி என்பதால், மிஸ்ஸிங்கால் இழந்த ஒரு நாள் அப்படியே வருமான இழப்பாகும்.

கணினி கேட்கத் தொடங்கியது

1990-களில் டீசல் இன்ஜினின் அமைப்பே மாறியது. 1995-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் காமன் ரெயில் என்னும் முறையை ஹினோ லாரியில் அறிமுகப்படுத்தியது. எல்லா நாசில்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் உயர் அழுத்தத்தில் காத்திருக்கும். எந்த நாசில் எப்போது திறக்க வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்யும். இதே காலத்தில் அமெரிக்காவில் 1996 மாடல் கார்கள் முதல், பழுதைத் தானே கண்டறிந்து எண்ணாகப் பதிவு செய்யும் ஓ.பி.டி. 2 முறை கட்டாயமானது. அதில் பி 0300 என்பது பொதுவான மிஸ்ஸிங்கையும், பி 0301 என்பது முதல் சிலிண்டரின் மிஸ்ஸிங்கையும் குறிக்கும். எரியாத எரிபொருள் புகை சுத்திகரிக்கும் கருவியைக் கெடுத்துவிடும் என்பதே மிஸ்ஸிங்கைக் கண்காணிக்கச் சொன்னதற்கு முக்கியக் காரணம்.

கணினி மிஸ்ஸிங்கைக் கண்டறியும் விதம் கவனிக்கத்தக்கது. கிராங்க் தண்டோடு சுற்றும் பல்சக்கரத்தின் வேகத்தை ஒரு சென்சார் அளக்கிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் சக்கரம் சற்று வேகமெடுக்க வேண்டும். எடுக்காத இடத்தில் சிலிண்டர் தவறியிருக்கிறது. அந்தக் காலத்து ஓட்டுநரின் காது கேட்ட அதே இடைவெளியைத்தான் சென்சாரும் எண்ணுகிறது.

இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 4 விதிகளும், 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதிகளும் நடைமுறைக்கு வந்தன. மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட இன்ஜின் லாரிகளில் பொதுவானது. இதனால் நன்மைகள் உண்டு. புகை குறைந்தது, பழுதான சிலிண்டரின் எண் சில நிமிடங்களில் திரையில் தெரிகிறது. ஸ்கேனர் மூலம் ஒவ்வொரு நாசிலையும் நிறுத்திப் பார்க்கும் சோதனையும் செய்யலாம். அது பழைய நட்டுச் சோதனையின் மின்னணு வடிவம்.

ஆனால் ஸ்பேனரால் அந்தச் சோதனையை இனிச் செய்யக் கூடாது. பழைய நாசில்கள் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறந்தன. அப்போதே பீய்ச்சும் டீசலின் முன் கையை நீட்டக் கூடாது என்பது பட்டறையின் முதல் பாடம். காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். ஓடும் இன்ஜினில் அந்தக் குழாயின் நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகி விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாசிலை இடம் மாற்றிப் பார்ப்பதும் சிக்கலாகிவிட்டது. பல இன்ஜின்களில் ஒவ்வொரு நாசிலுக்கும் தனிக் குறியீடு உண்டு. அதைக் கணினியில் பதிய வேண்டும். அதற்குரிய மென்பொருள் இருந்தால்தான் வேலை முடியும்.

பழுது பார்க்கும் உரிமை

இப்போது சிக்கல் இயந்திரத்தைத் தாண்டிச் சட்டத்திற்கு வந்துவிட்டது. இன்ஜின் சொல்லும் பழுதைப் படிக்கும் கருவி யாருக்குக் கிடைக்க வேண்டும்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-ல் வாகனப் பழுது பார்க்கும் உரிமைச் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் 2014 ஆகஸ்டில், உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் கட்டுப்படுத்தியதாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தபோதிலும், சொந்தப் பட்டறைகளுக்கும் தகவல் கிடைக்க வேண்டும் என்ற கருத்தை அந்த ஆணை முன்வைத்தது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. அது கவனம் செலுத்திய துறைகளில் வாகனமும் வேளாண் கருவிகளும் அடங்கும். அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது.

2014 ஆணை கார்களைப் பற்றியது. ஆனால் கார் உரிமையாளரை விட லாரி உரிமையாளருக்கே இந்தத் தகவல் அதிகம் தேவை. காருக்கு மிஸ்ஸிங் வந்தால் உரிமையாளர் பேருந்தில் வேலைக்குப் போகலாம். லாரிக்காரருக்கு அந்த லாரிதான் வேலை.

இன்றும் வாசலில் செய்யக்கூடியவை

புதிய வண்டியிலும் பழைய ஒழுங்கின் பெரும்பகுதி செல்லும். புகையின் நிறத்தைப் பார்க்கலாம். ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடிக்கலாம். காற்று ஃபில்டர் அடைபட்டிருக்கிறதா எனப் பார்க்கலாம். இன்ஜினை நிறுத்தி பேட்டரியைத் துண்டித்த பின், நாசில்களுக்குப் போகும் ஒயர்கள் உரசித் தேய்ந்தோ எலி கடித்தோ இருக்கின்றனவா, சாக்கெட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா எனச் சோதிக்கலாம். வண்டிக்குப் பொருந்தும் கோட் ரீடர் இருந்தால் பழுது எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். எண் சொல்வது எந்தச் சிலிண்டர் என்பதை மட்டுமே. ஏன் என்பதைச் சொல்லாது. மூன்றாம் சிலிண்டரின் எண் வந்ததாலேயே மூன்றாம் நாசிலை மாற்றிவிட முடியாது. ஒயரா, நாசிலா, வால்வா, ரிங்கா என்று பிரித்தறியும் வேலை இன்னும் மனிதருக்கே உரியது.

சென்ற நூற்றாண்டின் ஸ்க்ரூ டிரைவர் முதல் இன்றைய ஸ்கேனர் வரை, மிஸ்ஸிங் கண்டறியும் கலை ஒரே கேள்வியைத்தான் கேட்டு வந்துள்ளது: இந்தச் சிலிண்டரை நிறுத்தினால் இன்ஜின் அதை உணர்கிறதா? அந்தக் கேள்வியைக் கேட்கும் வசதி முன்பு எந்த வாசலிலும் இருந்தது. கருவியும் தகவலும் நியாயமான விலையில் கிடைத்தால் அது மீண்டும் அங்கே வந்து சேரும். கிடைக்காவிட்டால், தன் வண்டிக்கு என்ன பழுது என்று அறியாமலே பில்லுக்குப் பணம் கட்டுபவராக லாரிக்காரர் நிற்பார்.